மூடுமுன் ஒரு முறை பார்த்தல்

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. அழைத்தவர் ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வேலி தள்ளிப் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, பத்து வயதுச் சிறுவனாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறியவர். இன்று ரொறன்ரோவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாகனங்கள் திருத்தும் தொழில் செய்கிறார். கடந்த எட்டு ஆண்டுகளாக மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் தமது வீட்டு வாகனக் கொட்டிலில் இரண்டு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவருகிறார்.

"அண்ணை, எல்லா வேலையும் முடிஞ்சுது. இனி மேலுக்கு என்ன செய்யிறது எண்டதுதான் பிரச்சினை. பெயின்ற் அடிக்கிறதோ, வினைல் ஒட்டுறதோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

விமானத்தைப் பற்றி என்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் நான். விமானத்தில் ஏறி இறங்கியது தவிர வேறொரு தொடர்பும் அதனுடன் எனக்கில்லை. ஆனாலும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சில வாரங்கள் அது பற்றித் தேடிப் படித்தேன். அவருடன் பலமுறை பேசினேன். விமானத்தின் தோலைப் பற்றித் தொடங்கிய அந்த உரையாடல் கடைசியில் எங்கள் தீவுகளின் படகுகளில் வந்து நின்றது. அதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

வீட்டில் கட்டும் விமானம்

வீட்டில் விமானம் கட்டுவதா என்று வியக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். விமானத்தின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சிறகுகளுக்குச் சாதாரண மஸ்லின் துணியே தோலாக அமைந்தது. அதைத் தையல் இயந்திரத்தில் தைத்தவர்களும் அவர்களே. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர் 1910இலேயே தாம் வரைந்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தாரின் பட்டறையில் கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, இந்திய விமானப் போக்குவரத்துத் துறையிடம் 2017இல் பதிவையும் 2019இல் பறப்பதற்கான அனுமதியையும் பெற்றார். கேரளத்திலிருந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த பொறியியலாளர் ஒருவர் கொரோனாக் கால முடக்கத்தின்போது தென்னாபிரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்து நான்கு இருக்கை விமானத்தைப் பூட்டி, 2022இல் அதில் பறந்தார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இது ஒரு பெரிய இயக்கம். கட்டும் வேலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தன் கையால் செய்தவரின் விமானத்தைத் 'தொழில்முறையல்லாத கட்டுமானம்' என்ற தனி வகையில் பதிவு செய்ய அங்கே சட்டம் இடமளிக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து நிறுவனமொன்று விற்கும் 'ஆர்வி' வகைப் பாகத் தொகுதிகளைக் கொண்டு மக்கள் வீடுகளில் கட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் மட்டும் 11,000க்கும் அதிகம்.

எங்கள் மண்ணுக்கும் இந்தக் கைத்திறன் அந்நியமானதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், எங்கள் மாலுமிகளைச் சுமந்துகொண்டு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஊர்காவற்றுறையும் பாய்க்கப்பல் கண்ட துறைதான். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஒரு சிறுவன், வளர்ந்து தன் கையாலேயே ஒரு விமானத்தைக் கட்டுகிறான் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏற்பட்ட நெகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

வினைல் என்னும் மேற்தோல்

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். உலோக விமானத்துக்கு வர்ணம் பூசுவது எளிதன்று. தொழில்முறைப் பட்டறையில் கொடுத்தால் பல ஆயிரம் டொலர் செலவாகும். வீட்டில் தெளிப்பதென்றால் தூசி புகாத அறை வேண்டும். அத்துடன், நீடித்துழைக்கும் பொலியூரதேன் வர்ணங்களில் ஐசோசயனேற் என்னும் நச்சுப்பொருள் உண்டு. உரிய சுவாசக் கவசமின்றி அதைத் தெளிப்பவர் தம் நுரையீரலைப் பணயம் வைக்கிறார். ஆகவே அண்மைக் காலமாகச் சிலர், கார்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒட்டுவது போன்ற வினைல் தாளை விமானத்துக்கும் ஒட்டத் தொடங்கியிருக்கின்றனர்.

அந்தத் தாளின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. அதில் இரு வகை உண்டு. உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கிய மலிவு வகை, நாளடைவில் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். திரவமாக வார்த்து உலர்த்திய வகை சுருங்குவது குறைவு, வளைவுகளிலும் நன்றாகப் படியும். விமானத்துக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

ஒட்டும் முறையை நண்பர் விளக்கியபோது நான் மிகவும் இரசித்துக் கேட்டேன். முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அற்ககோலால் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் அது பின்னர் கொப்புளமாகத் தெரியும். தாளை இழுத்து நீட்டாமல் படியவைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மென்மையான தகட்டால் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். வளைவுகளில் வெப்பக் காற்றால் இளக்க வேண்டும். ஒட்டிய பின் ஓரங்களை மீண்டும் சூடாக்கினால்தான் தாள் தன் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தில் நிலைக்கும். அலுமினியத்தின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலே பின்னாளில் வெடிப்பின் தொடக்கமாகலாம். அதற்கென நூல் பதித்த ஒட்டுநாடா இருக்கிறது. தாளுக்கு அடியில் அதை முன்கூட்டியே ஒட்டிவைத்து, பின்னர் நூலை இழுத்தால் தாள் மட்டும் நேராக அறுபடும்.

"எங்கேயிருந்து தொடங்குவாய் தம்பி?" என்று கேட்டேன்.

"வாலிலையிருந்து அண்ணை. முன்னுக்குள்ள தாள் பின்னுக்குள்ளதுக்கு மேலை ஏறவேணும். இல்லாட்டிக் காத்து ஓரத்துக்குள்ளை பூந்து உரிச்சுப்போடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிடுகு வேய்பவர் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி முகட்டை நோக்கிப் போவதும் இதே காரணத்துக்காகத்தானே! அங்கே வழிவது மழைநீர், இங்கே வழிவது காற்று. பாட்டன் கூரையில் செய்ததைப் பேரன் விமானத்தில் செய்கிறான்.

தோல் மறைப்பவை

இதுவரை எல்லாம் நன்று. வினைல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமுமில்லை. செலவு குறைவு, நஞ்சு குறைவு, பிடிக்காவிட்டால் உரித்துவிட்டு வேறொன்று ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு தோலும் ஏதோ ஒன்றை மறைக்கிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

விமானத்தின் உலோகத் தகடுகளைப் பிணைத்து நிற்பவை ஆயிரக்கணக்கான தறையாணிகள். ஓர் ஆணி தளர்ந்து அதிரத் தொடங்கினால், அதைச் சுற்றிக் கருமையான ஒரு கோடு படியும். ஆணி 'புகைவிடுகிறது' என்று விமானத் தொழிலாளர் சொல்வர். ஆபத்து வருமுன் உலோகம் நமக்கு அனுப்பும் கடிதம் அது. மேலே வினைல் ஒட்டியிருந்தால் அந்தக் கடிதம் உறைக்குள்ளேயே கிடக்கும். தாளின் கீழ் ஈரம் புகுந்தால் அரிப்பும் அவ்வாறே மறைந்து வளரும். எரிபொருள் சிந்தும் இடங்களில் பசை இளகும். அசையும் சிறகுப் பகுதிகளில் தாளின் சிறு எடையும் சமநிலையை மாற்றக்கூடும். மாறினால், வேகத்தில் அவை கட்டுக்கடங்காமல் துடிக்கத் தொடங்கி விமானத்தையே உடைத்துவிடும். ஆகவே ஒட்டிய பின்னர் அவற்றைக் கழற்றி மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நீர் வடியும் துளைகளையும், காற்றழுத்தம் அளக்கும் சிறு துளைகளையும் அழகுக்காக மூடிவிட்டால், உள்ளே நீர் தேங்கும். உயரமானியும் வேகமானியும் பொய் சொல்லும்.

1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் நடந்ததை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, அதன் முன்பகுதிக் கூரை ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வானில் வீசப்பட்டு உயிரிழந்தார். எஞ்சியோர் உயிருடன் தரையிறங்கியது விமானிகளின் திறமையால். தீவுக்குத் தீவு குறுகிய பயணங்களாக ஏறி இறங்கி உழைத்த விமானம் அது. உப்புக் காற்றும், ஓயாத அழுத்த மாற்றமும், தகடுகளின் இணைப்பை உள்ளூர அரித்தும் களைப்படையச் செய்தும் இருந்தன. மேல் வர்ணம் பளபளத்தது. விபத்துக்குப் பின்னர் வெளிவந்த ஒரு தகவல் என்னை மிகவும் உறுத்தியது. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே வெடிப்பொன்றைக் கண்டிருந்தார். ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மூடுமுன் பரிசோதனை

கனடாவில் வீட்டில் விமானம் கட்டுவோருக்கு ஒரு கட்டாயம் இருப்பதாக நண்பர் சொன்னார். சிறகின் உட்பகுதியைத் தகட்டால் மூடுவதற்கு முன்னர், அரசின் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் வந்து உள்ளே பார்க்க வேண்டும். 'மூடுமுன் பரிசோதனை' என்று அதற்குப் பெயர். மூடிய பின்னர் எவராலும் பார்க்க முடியாதவற்றை, மூடுமுன் இன்னொரு கண் பார்த்தாக வேண்டும் என்பதே அதன் கருத்து. கட்டியவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் இதற்கு விலக்கில்லை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது மனித இயல்பு. ஆசிரியர் மேசைக்கு வரும் கட்டுரைகளை நாற்பது ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அமெரிக்காவில் இன்னொரு விதியும் உண்டு. இத்தகைய விமானத்தின் வாசலருகே, இது பரிசோதனை வகையைச் சேர்ந்தது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே, இது தொழில்முறையல்லாதோர் கட்டியது, வழமையான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்ததன்று என்று பயணி கண்ணில் படும்படி அறிவித்திருக்க வேண்டும். விமானத்தில் ஒட்டும் ஸ்ரிக்கர்களிலேயே மிக அழகானது இதுதான் என்பது என் எண்ணம். மற்றவை மறைப்பதற்காக ஒட்டப்படுகின்றன. இது சொல்வதற்காக ஒட்டப்படுகிறது.

நெடுந்தீவுக்குப் போகும் வழியில்

இப்போது எங்கள் தீவுகளுக்கு வருகிறேன். வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் தாம்போதிகளால் தரையுடன் இணைந்துவிட்டன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் மக்களுக்கு இன்றும் கடலே தெரு. பாடசாலை ஆசிரியரும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணும், சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்பவரும், நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வருபவரும் படகேறித்தான் ஆகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் நெடுந்தீவுக்குச் சென்ற படகு புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. நீலமும் மஞ்சளும் வெயிலில் கண்ணைப் பறித்தன. அணியத்தில் அழகான படம், இரு பக்கமும் ஸ்ரிக்கர்கள். துறையைவிட்டு வெளியேறிச் சற்று நேரத்தில், காலடிப் பலகைகளுக்குக் கீழே ஓர் இளைஞன் தண்ணீர் இறைக்கத் தொடங்கினான். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணம் முழுவதும் அவன் நிறுத்தவில்லை. பயணிகள் எவரும் அதைப் பொருட்படுத்தவுமில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஹவாய் விமானத்தின் அந்தப் பயணியைப் பற்றிப் படித்தபோது என் முகமே எனக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன், கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு கடலை இரசித்திருக்கிறேன்.

என் சிறு வயதில் ஊர்காவற்றுறைக் கரையில் படகுகளைக் கரையேற்றிப் பராமரிப்பதைக் கண்டிருக்கிறேன். பழைய பூச்சு முழுவதையும் சுரண்டிப் பலகையை நிர்வாணமாக்குவர். ஓடாவியார் ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உளுத்த பலகை வேறு ஓசை தரும். அதை மாற்றிய பின்னரே இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றிடுவர். அதன் பின்னர் குங்கிலியமும் சுறா எண்ணெயும். அந்த நாற்றம் இன்றும் என் நினைவில் உள்ளது. அந்த எண்ணெய் பலகையைக் காத்தது, ஆனால் மறைக்கவில்லை. மரத்தின் வரிகள் அதனூடாகத் தெரிந்தன. இன்று பழைய மரப் பலகையின் மேல் கண்ணாடியிழையைப் போர்த்தி, அதன்மேல் வர்ணம் பூசி விடுவது இலகுவாகிவிட்டது. உள்ளே நல்ல மரம் இருந்தால் அது சிறந்த காப்பு. உள்ளே உளுத்த மரம் இருந்தால் அது புதைகுழியின் மேல் விரித்த பாய்.

கடற்பயணத்தின் ஆபத்துப் பற்றித் தீவு மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1985 மே 15ஆம் திகதி 'குமுதினி'ப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அது மனிதர் செய்த கொடுமை. அதையும் பழுதடைந்த பலகையையும் ஒரே தட்டில் வைப்பவன் அல்லன் நான். ஆனால் 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டது பகைவரால் நிகழ்ந்ததன்று. பாலம் கட்டி முடியும்வரை இது போதும் என்று எல்லோரும் விட்டிருந்ததால் நிகழ்ந்தது. செய்தி வெளிவந்த பின்னர் எல்லோரும் கேள்வி கேட்டனர். அந்தக் கேள்விகளுக்கு உரிய நேரம் முந்திய நாள்.

ஆகவே என் கருத்து இதுதான். பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு படகும், கண்ணாடியிழை போர்த்துமுன்னும் வர்ணம் பூசுமுன்னும், வெறும் பலகையாக நிற்கும் நிலையில் உரிமையாளருக்கு உறவோ கடனோ இல்லாத ஒருவரால் பார்க்கப்பட வேண்டும். பார்த்த திகதி, ஏற்றத்தக்க ஆட்களின் தொகை, உயிர்காப்பு அங்கிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஏறும் இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நயினாதீவுக்கு இரு சமயத்தாரும் வருகின்றனர். கடல் மொழி பார்த்து மூழ்கடிப்பதில்லை.

"படகுக்காரர் ஏழைகள், அவர்கள் மேல் இன்னொரு சுமையா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. எரிபொருள் விலையும் பருவக் காற்றும் அவர்களை வாட்டுவதை நான் அறிவேன். எனவே பரிசோதனைச் செலவை அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்றே சொல்கிறேன். தீவுகளின் பெயரில் உலகெங்கும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரங்களுக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் பணம் அனுப்புகின்றன. அவற்றில் ஒரு வளைவின் செலவு, கரையில் ஒரு நல்ல பராமரிப்புக் கொட்டிலுக்கும் ஓர் ஓடாவியாரின் கூலிக்கும் போதாதா? அந்தக் கொட்டிலில் எங்கள் இளைஞர் சிலர் மரத்தையும் இழையையும் இயந்திரத்தையும் கற்றுக்கொண்டால், நண்பரைப் போன்றவர்கள் விமானம் கட்டுவதற்குக் கனடா வரை போகவேண்டியதில்லை.

"அரசின் கடமையை நாம் ஏன் செய்வது?" என்பது அடுத்த கேள்வி. அரசு செய்ய வேண்டியதே. செய்யும்வரை வற்புறுத்துவோம். ஆனால் அதுவரை படகில் ஏறுபவர் அரசன்று, எங்கள் பிள்ளைகள்.

நண்பரின் முடிவு

வீட்டில் விமானம் கட்டுபவர்களிடம் நான் மதிக்கும் குணம் ஒன்று உண்டு. தான் கட்டியதில் முதலில் ஏறப்போவது தானே என்பதால், அவர் தன்னை ஏமாற்றிக்கொள்வதில்லை. பிறர் ஏறுவதற்காகக் கட்டுவோரிடமும் பராமரிப்போரிடமும் அந்த நேர்மையைக் கொண்டுவருவதற்கே சட்டமும் பரிசோதகரும் தேவைப்படுகின்றனர்.

சென்ற வாரம் நண்பர் மீண்டும் அழைத்தார். இப்போதைக்கு எதையும் ஒட்டப்போவதில்லையாம். முதல் சோதனைப் பறப்புகளை வெறும் அலுமினியத்துடனேயே முடித்து, ஒவ்வொரு முறையும் இறங்கிய பின்னர் ஒவ்வோர் ஆணியையும் பார்க்கப்போகிறாராம். எல்லாம் சரியென்று மனம் நிறைந்த பின்னரே வினைல். அப்போதும் சிறகின் அடிப்பகுதியையும் இயந்திரத்தை அடுத்த பகுதியையும் மூடாமல் விடுவதாகச் சொன்னார். வாலில் மட்டும் ஒரு கொக்குப் பட்டத்தின் படம் வேண்டுமாம். ஊரில் தைப்பொங்கலுக்குத் தமையன் கட்டித் தந்த பட்டம் அது.

"ஒட்டு தம்பி, ஆனால் அதையும் உரிச்சுப் பாக்கக்கூடிய மாதிரி ஒட்டு" என்றேன்.

அடுத்த முறை குறிகட்டுவானில் படகேறும்போது, வர்ணத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், காலடிப் பலகையைச் சற்றுத் தூக்கிப் பார்க்கலாமா என்று நான் கேட்கப்போகிறேன். வெளிநாடுகளிலிருந்து ஊர் பார்க்க வரும் வாசகர்களும் அவ்வாறே கேட்க வேண்டுகிறேன்.